வைப்பர் நின்றால் மோட்டாரைக் கடைசியாகத் தொடு

மங்களூர் என்றதும் கடலும் மீன் குழம்பும் நினைவுக்கு வந்தால் அது வேறு மங்களூர். இது கடலூர் மாவட்டத்து மங்களூர், திட்டக்குடிப் பக்கம். கிழக்கே போனால் விருத்தாசலத்துப் பீங்கான் சூளைகள். வேப்பூரையும் தொழுதூரையும் தொட்டுக்கொண்டு போகிறது சென்னை – திருச்சி நெடுஞ்சாலை. சுற்றிலும் மக்காச்சோளக் கொல்லையும் பருத்திக் கொல்லையும். இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்குப் புது வண்டிகளோடு பழைய வண்டிகளும் இன்னும் வருகின்றன. கல்யாண ஊர்வலத்துக்கு வாடகை ஓடும் வெள்ளை அம்பாசடர், அப்பா வாங்கியது என்பதற்காகவே விற்காமல் வைத்திருக்கும் ஃபியட், எப்போதாவது ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வருஷம் முழுக்க இந்த வண்டிக்காரர்கள் வைப்பரை நினைப்பதில்லை. ஐப்பசியில் முதல் மழை அடித்த மறுநாள் காலையில் எல்லாரும் ஒன்றாக வந்து நிற்பார்கள்.

அந்தக் காலையில் பட்டறையில் இருக்கப்போகிற தம்பிகளுக்காக இவற்றை எழுதுகிறேன். இந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் தங்கச்சிகளுக்கும்தான்.

1. வண்டிக்காரர் பேசி முடிக்கிற வரை ஸ்பானரை எடுக்காதே. “வைப்பர் ஓடலை” என்பது ஒரே கோளாறு இல்லை. சுவிட்சைப் போட்டால் அசைவே இல்லையா? நன்றாக ஓடிப் பத்து நிமிஷத்தில் தளர்ந்து போகிறதா? ஒன்று ஆட, மற்றது சும்மா கிடக்கிறதா? அணைத்தால் நடுக் கண்ணாடியிலேயே நின்றுவிடுகிறதா? அணைத்த பிறகும் ஆடுகிறதா? முதலாவது பெரும்பாலும் கரண்ட் அல்லது எர்த் சங்கதி. இரண்டாவது பாரம். மூன்றாவது ஆர்மின் பல். நாலாவதும் ஐந்தாவதும் மோட்டாருக்குள் இருக்கும் நிறுத்தும் காண்டாக்ட், அல்லது சுவிட்சு வயர். கேள்வி கேட்டே பாதி வேலை முடியும். “மோட்டார் போச்சு, வேற போடுங்க” என்று அவரே சீட்டு எழுதிக்கொண்டு வந்தாலும் தலையாட்டிவிட்டு முதலிலிருந்து பார்.

2. காய்ந்த கண்ணாடி மேல் வைப்பரை ஓட்டாதே. எந்த ஊருக்கும் இது பொருந்தும், நம் பக்கத்துக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். பீங்கான் சேர்மானத்தில் களிமண்ணோடு குவார்ட்ஸும் ஃபெல்ஸ்பாரும் உண்டு. அந்த வெள்ளைத் தூசி விருத்தாசலம் போய் வருகிற ஒவ்வொரு வண்டியின் கண்ணாடியிலும் படியும். குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. ஜன்னலுக்கும் காருக்கும் போடும் கண்ணாடி ஏறக்குறைய ஐந்தரைதான். தூசி மேல் ரப்பரை இழுத்தால் ரப்பர் கண்ணாடியைத் துடைக்காது, குவார்ட்ஸைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியைக் கீறும். அந்தக் கீறல் பகலில் தெரியாது. இரவில், மழையில், எதிரே லாரி வெளிச்சம் அடிக்கும்போது அரைவட்டம் அரைவட்டமாக மின்னி ரோட்டையே மறைத்துவிடும். அதற்கு வைப்பரில் வைத்தியம் கிடையாது. ஆகவே முதலில் ஒரு வாளித் தண்ணீர், பிறகு துணி, பிறகுதான் சுவிட்சு. சோதனை பார்க்கும் நேரம் முழுக்க ஒரு பையன் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கட்டும்.

3. ஆர்மைக் கையால் தள்ளாதே. 1903-இல் அமெரிக்காவில் மேரி ஆண்டர்சன் என்ற பெண்மணி காப்புரிமை வாங்கிய வைப்பர், உள்ளே உட்கார்ந்து கைப்பிடியால் ஆட்டுவது. உன் முன்னால் நிற்பது அது இல்லை. மோட்டாரின் புழுப்பல் பெரிய சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் திரும்பிப் புழுப்பல்லைச் சுற்றாது. நடுவில் நின்ற வைப்பரை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுப் போகிறவர்கள்தான் ஆர்மின் பல்லையும் அந்த ஆர்மை ஆட்டும் வீல் பாக்ஸின் பல்லையும் தின்றுவிடுகிறார்கள். வண்டிக்காரருக்கும் இதைச் சொல்லி அனுப்பு.

4. ஆர்ம் இரண்டையும் கண்ணாடியிலிருந்து தூக்கி நிறுத்திவிட்டுச் சுவிட்சைப் போடு. இதற்குக் கருவி வேண்டாம், காசு வேண்டாம். தூக்கி நிறுத்தினால் சுறுசுறுப்பாக ஓடி, கண்ணாடியில் படுத்தால் திணறுகிறது என்றால் கோளாறு ரப்பர், கண்ணாடி, ஆர்ம் ஸ்பிரிங் இந்த மூன்றுக்குள் இருக்கிறது. தூக்கியும் திணறுகிறது என்றால் வைப்பரை ஆட்டும் கேபிள் அல்லது மோட்டார் அல்லது எர்த். இந்த ஒரு சோதனையைச் செய்யாமலே மோட்டாரைக் கழற்றுகிற எலக்ட்ரீஷியன்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

5. ரப்பர் மழையில் கெடுவதில்லை, வெயிலில்தான் கெடுகிறது. சித்திரை, வைகாசியில் அக்கினி நட்சத்திர வெயிலில் கண்ணாடியோடு ஒட்டிக்கிடந்து, இறுகி, ஒரு பக்கமாகவே வளைந்துவிடும். விரலால் மடக்கிப் பார். விட்டதும் நிமிர வேண்டும். நிமிரவில்லை என்றாலும், ஓரத்தில் வெடிப்பு தெரிந்தாலும் மாற்று. மாற்றும்போது பழைய அளவுக்கே மாற்று. புது வண்டிக்கு வருகிற நீள பிளேடைக் கொண்டுவந்து அம்பாசடருக்கு மாட்டுகிறார்கள், பார்க்க எடுப்பாக இருக்கும். அந்த மோட்டார் அவ்வளவு அகலத்தைத் தள்ளுவதற்குச் செய்ததல்ல. கண்ணாடிக்கு மெழுகுப் பாலிஷ் போட்டிருந்தாலும் ரப்பர் தடதடக்கும். அதை நன்றாகக் கழுவி எடுத்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும்.

6. ஒரு பக்கம் போகும்போது வழுக்கிக்கொண்டு போய், திரும்பும்போது தடதடவென்று குதித்தால் பிளேடைக் குறை சொல்லாதே, ஆர்ம் முறுக்கியிருக்கிறது. ரப்பர் போகும் திசைக்கு எதிராகச் சாய்ந்து, திரும்பும் இடத்தில் மறுபக்கம் புரள வேண்டும். ஆர்ம் கோணலாக இருந்தால் அது புரளாமல் முட்டிக்கொண்டு வரும். ஆர்மைக் கழற்றி எடுத்துவிட்டு இரண்டு ஸ்பானரால் பிடித்து மயிரிழை முறுக்கு. கண்ணாடி மேல் வைத்துக்கொண்டு முறுக்கினால் கண்ணாடிக்குப் பணம் கட்டுவது நீ.

7. ஒரு வைப்பர் மட்டும் ஆடாமல் கிடந்தால் தண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சுவிட்சைப் போடச் சொல். தண்டு திரும்பி, ஆர்ம் திரும்பவில்லை என்றால் ஆர்மின் தலைக்குள் இருக்கும் பல் தேய்ந்திருக்கிறது. செம்புக் கம்பியையோ தகரத்தையோ உள்ளே திணித்து இறுக்குகிற வழக்கம் உண்டு. ஒரு மழைக்குத் தாங்கும். அதற்குள் தண்டின் பல்லும் போய்விடும், பிறகு வீல் பாக்ஸையே மாற்ற வேண்டும். ஆர்ம் மலிவு, வீல் பாக்ஸ் விலை. ஆர்மைக் கழற்றும்போது திருப்புளியைப் பெயின்டில் ஊன்றி நெம்பாதே. லூகாஸ் கம்பெனி செய்த பழைய ஆர்மில் சின்னக் கிளிப் ஒன்று இருக்கும், அதை மெல்லத் தூக்கினால் ஆர்ம் தானே வரும். திரும்ப மாட்டுவதற்கு முன் மோட்டாரை ஓடவிட்டு அணைத்து, அது தானாக நிற்கிற இடத்தில் நின்ற பிறகு மாட்டு.

8. கையை டேஷ்போர்டுக்கு அடியில் விடுவதற்கு முன் பேட்டரி வயரைக் கழற்று. பல்சக்கரத்துக்கு விரல் எது, கேபிள் எது என்று தெரியாது.

9. அசைவே இல்லாத வண்டியில் வைப்பரைப் பார்க்காதே, பிரேக் லைட்டையும் பெட்ரோல் முள்ளையும் பார். பழைய அம்பாசடரில் லூகாஸ் பியூஸ் பெட்டியில் ஏ1 முதல் ஏ4 வரை எழுதியிருக்கும். ஏ3-க்கும் ஏ4-க்கும் நடுவில் இருக்கும் பியூஸ்தான் சாவி போட்டால் உயிர் வருகிற சாமான்களுக்கு: வைப்பர், பிரேக் லைட், இண்டிகேட்டர், பெட்ரோல் முள். பச்சை வயர் அங்கிருந்து கிளம்புகிறது. எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் பியூஸ். மற்றவை உயிரோடு இருந்து வைப்பர் மட்டும் செத்திருந்தால் பியூஸை மறந்துவிடு. போன பியூஸுக்குப் பதில் சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றி வைத்திருப்பதைப் பார்த்தால் வேறு எதையும் செய்வதற்கு முன் அதை எடுத்து எறி. 35 ஆம்பியர் பியூஸ் போட வேண்டிய இடத்தில் ஈயத்தாள் இருந்தால் அடுத்து எரிவது வயர் கட்டு முழுவதும்.

10. எர்த். இதை நான் ஐந்து வாக்கியத்தில் முடிக்கப்போவதில்லை. பழைய பிரிட்டிஷ் வண்டிக்காரர்கள் லூகாஸ் கம்பெனியை “இருட்டின் இளவரசன்” என்று கேலி செய்வார்கள். கேலி செய்தவர்களில் பலர் எர்த் பார்க்கத் தெரியாதவர்கள் என்பது என் தீர்ப்பு. மோட்டார் உட்கார்ந்திருக்கும் தகட்டுக்கும் பாடிக்கும் நடுவில் சத்தத்துக்காக ரப்பர் வைத்திருப்பார்கள். ரப்பர் கரண்டைக் கடத்தாது, ஆகவே தனியாக ஒரு எர்த் வயர் வரும். அதன் முனையில் துரு. அதன் மேல் டிங்கர் வேலைக்காரர் அடித்த பெயின்ட். அதற்கும் மேல் இருபது வருஷத்துத் தூசி. மோட்டாருக்கு 12 வோல்ட் கிடைக்காமல் எட்டோ ஒன்பதோ கிடைத்தால் அது ஓடும், ஆனால் தளர்ந்து ஓடும். ஆள் மோட்டாரைத்தான் சந்தேகப்படுவான்.

சோதிப்பது சுலபம். வைப்பர் ஓடிக்கொண்டிருக்கும்போது வோல்ட் மீட்டரின் ஒரு முனையை மோட்டார் உடம்பிலும் மறு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலும் வை. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. மீட்டர் இல்லையா? கனமான வயர் ஒன்றை அதே இரண்டு இடங்களுக்கும் பிடி. வைப்பர் சட்டென்று வேகம் எடுத்தால் நோயைப் பிடித்துவிட்டாய். முனையைக் கழற்றி, உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் பூசு. செலவு ஒன்றுமில்லை.

ஒரு எச்சரிக்கை. டைனமோ வைத்த பழைய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ் முனையைப் பாடியோடு சேர்த்திருப்பார்கள். பார்க்காமல் கை வைக்காதே. டெஸ்ட் லேம்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், மீட்டருக்கு அப்படி இல்லை. காந்தத்துக்குப் பதில் கம்பிச்சுருள் (காயில்) வைத்த பழைய வைப்பர் மோட்டார் பிளஸ் மைனஸ் மாறினாலும் அதே பக்கமே சுற்றும், ஏனென்றால் காயிலும் ஆர்மேச்சரும் சேர்ந்தே மாறுகின்றன. நிலைக் காந்தம் வைத்த புது மோட்டார் அப்படியில்லை, எதிர்ப்பக்கம் சுற்றும். இதைத் தெரிந்துகொள்ளாமல் புது மோட்டாரைப் பழைய வண்டியில் வைத்துவிட்டு முழிக்கிறவர்கள் உண்டு.

11. பழைய லூகாஸ் வைப்பர் மோட்டாரில் சுவிட்சு கரண்ட் பக்கம் இருக்காது, எர்த் பக்கம் இருக்கும். வீட்டு ஃபேன் சுவிட்சை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் குழம்பிப்போவாய். சாவி போட்டதுமே மோட்டாருக்குக் கரண்ட் வந்துவிடும், சுவிட்சு அதற்கு எர்த் கொடுக்கிறது. ஆகவே மோட்டாருக்கும் சுவிட்சுக்கும் நடுவில் ஓடும் வயர் தோல் உரிந்து பாடியைத் தொட்டால் பியூஸ் போகாது, வைப்பர் தானாக ஓட ஆரம்பிக்கும். அணைத்தாலும் நிற்காத வண்டியில் முதலில் அந்த வயரை மோட்டார் முனையில் கழற்று. நின்றால் வயர் அல்லது சுவிட்சு. நிற்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போ.

12. அணைத்ததும் வைப்பர் ஓரத்துக்குப் போய் நிற்பது சுவிட்சின் கெட்டிக்காரத்தனம் இல்லை. மோட்டாரின் கியர் மூடிக்குள் ஒரு காண்டாக்ட் இருக்கிறது. நீ சுவிட்சை அணைத்த பிறகும் ஆர்ம் ஓரத்துக்கு வரும் வரை அது எர்த்தைப் பிடித்து வைத்திருக்கும். அதில் அழுக்கோ கரியோ படிந்தால் வைப்பர் அணைத்த இடத்திலேயே நிற்கும். அது விலகவே இல்லை என்றால் வைப்பர் நிற்காது. லூகாஸின் டி.ஆர்.3 வகை மோட்டாரில் கியர் மூடியின் திருகுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டு மேலே இருக்கும் வட்ட மூடியைத் திருப்பினால் நிற்கும் இடம் மாறும். கொஞ்சம் திருப்பு, ஓட்டிப் பார், மறுபடி திருப்பு. பழைய இடத்தைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு ஆரம்பி.

13. கேபிள் வகை வண்டிகளில், அதாவது மோட்டாரிலிருந்து குழாய்க்குள் பல்லுள்ள கேபிள் ஓடி வீல் பாக்ஸை ஆட்டும் வண்டிகளில், பாதிப் பிரச்சினை அந்தக் குழாய்க்குள்தான். தொழிற்சாலையில் போட்ட கிரீஸ் மெழுகு மாதிரி இறுகிக் கிடக்கும். ஆர்ம் இரண்டையும் எடுத்துவிட்டு, கேபிளை மோட்டாரிலிருந்து பிரித்து, முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழு. லூகாஸ் கணக்குப்படி 6 பவுண்டு, அதாவது 2.7 கிலோவுக்குள் நகர வேண்டும். அதற்கு மேல் கேட்டால் கேபிளை முழுக்க வெளியே எடு. மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவு, குழாய்க்குள்ளும் துணி செலுத்தித் துடை, காயவிட்டுப் புது கிரீஸ் பூசு. குழாய் எங்கேயாவது நசுங்கியிருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்துவிடு. ரேடியோ மாட்ட வந்தவர் திருகை அதன் மேலேயே இறுக்கியிருப்பார். கம்பி இணைப்பு வகை வண்டியில் இவ்வளவு வேலை இல்லை. மூட்டுகளில் புஷ் தேய்ந்திருக்கும், கையால் ஆட்டினாலே கடகடவென்று சொல்லிவிடும்.

வீல் பாக்ஸ் தண்டு பாடியை விட்டு வெளியே வரும் இடத்தில் உள்ள ரப்பர் வளையத்தை மறக்காதே. அது வெடித்தால் மழைத்தண்ணீர் தண்டு வழியாக இறங்கி டேஷ்போர்டுக்குள் சொட்டும். அங்கே என்ன இருக்கிறது? வயர் கட்டும் பியூஸ் பெட்டியும். போன வருஷத்து வளையம் இந்த வருஷத்து எர்த் கோளாறு.

14. இப்போது மோட்டார். இவ்வளவு பார்த்த பிறகும் தளர்ந்து ஓடினால் கழற்று. பிரிப்பதற்கு முன் உடம்புக்கும் மூடிக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டுக்கொள், அதே நிலையில் சேர்க்க வேண்டும். கார்பன் தேய்ந்து ஸ்பிரிங் கம்யூட்டேட்டரைத் தொடுகிற நிலையா என்று பார். கம்யூட்டேட்டர் கறுத்திருந்தால் பெட்ரோலில் நனைத்த துணி, அதிலும் போகாவிட்டால் மிக நைசான கண்ணாடித் தாள். எமரி வேண்டாம், அதன் துகள் செம்பில் பதிந்து கார்பனைத் தின்னும். பட்டைகளுக்கு நடுவில் அடைந்த கரித்தூளைத் தீக்குச்சி முனையால் எடு. புதிதாக வெண்கலப் புஷ் போடுவதென்றால் முதல் நாளே எஞ்சின் ஆயிலில் போட்டு வை, மறுநாள் மாட்டு. ஆர்மேச்சர் முனையில் ஒரு திருகு இருக்கும், அது ஆர்மேச்சரின் முன்பின் ஆட்டத்துக்கு. தொடும் வரை திருகி, கால் சுற்று பின்னால் விடு. “ஆடுதே” என்று இறுக்கினால் மோட்டார் சூடேறி நிற்கும். காயில் கருகிய வாடை அடித்தால் வைண்டிங் கடைக்கு அனுப்பு, நீயே சுற்றப் பார்க்காதே.

15. மிகப் பழைய அமெரிக்க வண்டிகளிலும் சில ஜீப்புகளிலும் மின் மோட்டாரே இருக்காது. எஞ்சின் உறிஞ்சும் காற்றில் ஓடும் வைப்பர். ஆக்சிலேட்டரை அழுத்தி மேடு ஏறினால் தளர்ந்துவிடும், காலை எடுத்தால் பறக்கும். அது கோளாறு அல்ல, அதன் பிறவிக் குணம். குழாயில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்.

16. புகையிலை வைத்தியம் பற்றிக் கேட்பார்கள். பழைய லாரிக்காரர்கள் மழையில் வைப்பர் நின்றால் பீடியைப் பிரித்துத் தூளை ஈரக் கண்ணாடியில் தேய்ப்பார்கள், உருளைக்கிழங்கை வெட்டித் தேய்ப்பவர்களும் உண்டு. தண்ணீர் துளியாக நிற்காமல் பரவி வழியும், கொஞ்சம் ரோடு தெரியும். வேப்பூரிலிருந்து வீடு போய்ச்சேர உதவும். மறுநாள் பட்டறைக்கு வருவதற்கு அது மாற்று இல்லை. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 101-ஆம் விதியே வைப்பருக்காக இருக்கிறது, எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்குப் போகிற வண்டிக்கு வைப்பர் ஓடியே ஆக வேண்டும்.

17. ஓடக்கூடிய பழைய மோட்டாரைத் தூக்கி எறியாதே. அம்பாசடர் 2014-இல் நின்றுபோனது. சென்னை பாடியில் 1961-இல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். அந்தக் காலத்து வண்டிகளுக்குச் செய்த சாமான்கள் இன்று புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் தேடித்தான் கிடைக்கும். கிடைப்பதில் போலியும் கலந்திருக்கும். இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதியலாம், எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து சேரும். அதற்கு வண்டி பெரிய மாற்றம் இல்லாமல் பழைய உருவில் இருக்க வேண்டும். நீ கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுகிற சாமானை அந்த வண்டிக்காரர் பிறகு ஊர் ஊராகத் தேடுவார். எதை மாற்றினாலும் பழையதைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடு.

18. வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடாதே. தண்ணீர்க் குழாயைக் கண்ணாடி மேல் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷமாவது ஓடவிடு. சூடேறினால் தளர்கிற மோட்டார் இரண்டு நிமிஷச் சோதனையில் பிடிபடாது. கடிகாரத்தைப் பார்த்து எண்ணு: நிமிஷத்துக்கு 45 முதல் 50 தடவை போய்த் திரும்பினால் அந்தக் காலத்து மோட்டாருக்கு அது சரியான வேகம். முகப்பு விளக்கையும் போட்டுவிட்டு எண்ணு, ஏனென்றால் மழை இரவில் இரண்டும் சேர்ந்துதான் ஓடும்.

19. வேலை கற்க விரும்புகிற பிள்ளைகள் ஆவணியிலேயே வாருங்கள். ஐப்பசியில் வந்தால் வாசலில் வண்டி வரிசை நிற்கும், சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது.